இன்றைய சாப்பாடு எங்கே, நாளைய அரிசி எப்படி? – ஓய்வுபெற்ற வட்ட வழங்கல் அலுவலரிடம் கேள்வி பதில்

தமிழ்நாட்டில் உணவுக்கு வழியின்றி நிற்பவர்களுக்கு என்னென்ன உதவிகள் உள்ளன, அவற்றை எப்படிப் பெறுவது என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு, வட்ட வழங்கல் அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் பதிலளித்திருக்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் தந்திருக்கிறோம்.

திருவொற்றியூர்: எங்கள் தெருவில் ஒரு முதிய தம்பதியர் தனியாக வாடகைக்கு இருக்கிறார்கள். மகன் கவனிப்பதில்லை, குடும்ப அட்டையும் அவனிடமே இருக்கிறது. இரண்டு வேளையாவது அவர்கள் சாப்பிட என்ன வழி?

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிடாதீர்கள்; அட்டைக்காக அலையும் நாட்களில் வயிறு காத்திருக்காது.

முதல் வேலை இன்றைய சாப்பாடு. நீங்கள் இருப்பது சென்னை மாநகராட்சி எல்லை என்பதால் அருகிலேயே அம்மா உணவகம் இருக்கும். 2013-இல் தொடங்கியபோது நிர்ணயித்த இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்பதே அதன் விலைப்பட்டியல். அங்கே அட்டையோ ஆதாரோ கேட்பதில்லை. இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள பல கோயில்களில் 2002 முதல் மதிய அன்னதானம் நடைபெறுகிறது. பழனி, திருவரங்கம் போன்ற பெரிய தலங்களில் நாள் முழுவதும் உணவு உண்டு. நடக்க இயலாதவர்களாக இருந்தால், தெருவில் யாராவது ஒருவர் வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கும். முதியோர் உதவி எண் 14567-க்கும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இரண்டாவது வேலை உரிமையை மீட்பது. மகனின் அட்டையிலிருந்து இருவர் பெயரையும் நீக்கச் செய்து, தனிச் சமையல் நடத்துபவர்கள் என்ற முறையில் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதோடு முதியோர் ஓய்வூதியத்துக்கு வட்டாட்சியருக்கு மனுச் செய்யுங்கள். அது 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 65 வயதைக் கடந்து, ஓய்வூதியத்துக்குத் தகுதி இருந்தும் அது கிடைக்காமல் இருப்பவர்களுக்கு மாதம் 10 கிலோ அரிசி விலையின்றி வழங்கும் அன்னபூர்ணா திட்டம் 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; கேட்பவர்கள் குறைவு என்பதால் அதை யாரும் தாமாகச் சொல்வதும் இல்லை. மகனுக்கு வசதி இருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதற்கு வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. மகனிடம் இருக்கும் அட்டையில் இவர்களுக்கும் சேர்த்தே அரிசி பதிவாகிக்கொண்டிருக்கும். புதிய அட்டை வந்ததும் இவர்களுடைய கைப்பேசி எண்ணையே பதிவு செய்யுங்கள்; பொருள் வாங்கும் ஒவ்வொரு முறையும் வரும் குறுஞ்செய்தியைப் படிக்கச் சொல்லுங்கள். வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அன்றே 1967-க்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

ஓசூர்: புதிதாகத் திருமணமானவர்கள் குடும்ப அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

முதலில் இருவர் பெயரும் பெற்றோரின் அட்டைகளிலிருந்து நீக்கப்பட வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் தடுக்கிவிழுகின்றன. பின்னர் உணவு வழங்கல் துறையின் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ, எல்லோருடைய ஆதார் எண்ணும் முகவரிச் சான்றும் குடும்பத் தலைவரின் படமும் கொடுத்து விண்ணப்பியுங்கள். தனி வீடு, தனி அடுப்பு என்பது நேரில் வந்து சரிபார்க்கப்படும். விண்ணப்பித்ததும் கிடைக்கும் குறிப்பு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமுக்கு அந்த எண்ணோடு செல்லுங்கள். எண் இல்லாமல் போனால் உங்கள் விண்ணப்பத்தைத் தேடி எடுப்பதிலேயே முகாம் முடிந்துவிடும்.

திருப்பூர்: எங்கள் பனியன் நிறுவனத்தில் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் நிறையப் பேர். கூலியில் பாதி அரிசிக்கும் பருப்புக்குமே போகிறது என்கிறார்கள். அவர்களுக்கு இங்கே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். வேலை கொடுப்பவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்! ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. அதன்படி, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை சொந்த ஊரில் இருந்தால், அந்தத் தொழிலாளி திருப்பூரின் எந்த நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்து ஆளுக்கு 5 கிலோ வீதம் தானியம் பெறலாம். 2023 ஜனவரியிலிருந்து அது விலையில்லாமல் வழங்கப்படுகிறது. அட்டையைக் கையில் கொண்டுவர வேண்டியதில்லை. அட்டை எண்ணோ ஆதார் எண்ணோ போதும். ஆனால் அவருடைய ஆதார் அந்த அட்டையோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பத்தின் பங்கு போய்விடுமோ என்ற அச்சத்தில்தான் பலர் இங்கே வாங்குவதில்லை. அப்படிப் போகாது. தம் பங்கை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டு, மீதியை மனைவியும் பிள்ளைகளும் ஊர்க் கடையில் வாங்கலாம். முப்பது ரூபாய்த் துவரம் பருப்பும் இருபத்தைந்து ரூபாய் பாமாயிலும் இதில் சேரா. அவை மாநில அரசு தன் அட்டைதாரர்களுக்குத் தன் பணத்தில் தருபவை. கடைக்காரர் "வெளிமாநிலத்தாருக்கு ஒதுக்கீடு வரவில்லை" என்றால் விவாதிக்காமல் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மொழி தெரியாதவர்களை எளிதில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதல்முறை உங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் உடன் செல்வது நல்லது. அவர்களுக்கும் குறுஞ்செய்தி வரும். அதைப் படித்துக் காட்டுங்கள்.

பெங்களூரு: என்னிடம் தமிழ்நாட்டு அரிசி அட்டை இருக்கிறது. அதே திட்டத்தில் இங்கே எனக்கும் கிடைக்குமா?

அட்டையில் பி.எச்.எச் (தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமைக் குடும்பம்) என்ற குறியீடு இருந்தால் கிடைக்கும். என்.பி.எச்.எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் கிடைக்காது. நம் ஊரில் அதற்கும் அரிசி கிடைப்பது தமிழ்நாடு அரசின் ஏற்பாடு.

விழுப்புரம்: புதிய அட்டைக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

ஓசூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

தஞ்சாவூர்: ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது. தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. இதைத்தான் ஏழைகளுக்குக் கொடுக்கிறார்களா?

நீங்கள் பார்த்தது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் அழுத்தி எடுத்த மணிகளை, நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள். நிறமும் எடையும் சற்று வேறுபடுவதால் சில மணிகள் மிதக்கும். அவற்றைப் பொறுக்கி எறிபவர்கள் சத்தை எறிகிறார்கள். சேர்த்தே சமைக்கலாம். தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை ஆகிய பரம்பரை இரத்த நோய்கள் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரிசி உண்மையிலேயே மக்கியோ வண்டு வைத்தோ இருந்தால் அது வேறு. அதை வாங்க மறுத்து மாற்றித் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சென்னை அண்ணா நகர்: கார் வைத்திருப்பவர் வீட்டுக்கும் விலையில்லா அரிசி ஏன்? வசதியானவர்களை நீக்கிவிட்டு, உண்மையான ஏழைக்கு இரட்டிப்பாகக் கொடுக்கலாமே?

இந்த ஒரு கேள்வியை வெவ்வேறு சொற்களில் பலரும் அனுப்பியிருக்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1997-இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டைகளைப் பிரித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தைத் தொடர்ந்தது. பிறகு 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்தியது. அந்தச் சட்டப்படி இம்மாநிலத்தில் பயன்பெறக்கூடியவர்களின் உச்சவரம்பு ஏறத்தாழ 3.64 கோடி பேர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையோ 7.21 கோடி. வசதியானவர்களை நீக்குங்கள் என்று நீங்கள் சொல்வதை அந்த உச்சவரம்பின்படி செய்தால், பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். அந்தப் பாதியில் கார்க்காரரும் இருப்பார். வீட்டு வேலை செய்து, கூரைக்கு மேல் ஓடு போட்டதால் 'வசதி' என்று எழுதப்பட்ட விதவையும் இருப்பார். யார் ஏழை என்று தீர்மானிக்கும் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளாக இருப்பதில்லை. என் பணிக்காலத்தில் தகுதியில்லாதவர் பட்டியலில் இருப்பதைக் கண்டு கோபப்பட்டவர்கள் ஏராளம். தகுதியுள்ளவர் விடுபட்டதற்காக மேசை முன் வந்து சத்தம் போட்டவர்கள் அரிது, ஏனென்றால் விடுபட்டவருக்கு அந்த மேசை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

வேண்டாதவர்களுக்கு வழியும் இருக்கிறது. அரிசி அட்டையைச் சர்க்கரை அட்டையாகவோ பொருளில்லா அட்டையாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

கம்பம்: அண்ணா நகர் வாசகர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் மலைப்பாதை வழியாக ரேஷன் அரிசி கேரளத்துக்குக் கடத்தப்படுவதை நாங்கள் பார்க்கிறோம். எல்லோருக்கும் கொடுப்பதால்தானே மிச்சம் விழுகிறது?

கடத்தல் உண்மை. அதற்கென்றே காவல்துறையில் குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்படி அது குற்றம். ஆனால் அந்த மூட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். ஒரு பகுதி, மருந்துக்கும் பள்ளிச் செலவுக்கும் கையில் காசில்லாமல் அரிசியைக் கிலோ சில ரூபாய்க்கு விற்பவர்களிடமிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, அரிசி வாங்காத அட்டைகளில் வாங்கியதாகப் பதிவு செய்து எடுப்பது. ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினாலும் இந்த இரண்டும் அப்படியே இருக்கும். இரண்டாவதைத் தடுக்க உங்கள் கையில் இருப்பது, மீண்டும் சொல்கிறேன், அந்தக் குறுஞ்செய்திதான்.

சென்னை அண்ணா நகர்: என் கேள்விக்குப் பதில் வரவில்லை. வரிப் பணம் வீணாகிறது என்பதே என் வாதம்.

வந்திருக்கிறது, உங்களுக்கு உவப்பாக இல்லை. நடுத்தரக் குடும்பங்களும் வரிசையில் நிற்கும் கடையில் எடை குறைந்தால் கேள்வி எழும். ஏழைகள் மட்டுமே வரும் கடையில் எழாது. வசதியானவர்களுக்குப் போகும் அரிசியை, அந்தக் கண்காணிப்புக்கு அரசு கொடுக்கும் விலையாகக் கருதுங்கள்.

வியாசர்பாடி: ஐயா, இவர்கள் அரிசியைப் பற்றிச் சண்டை போடட்டும். நடைபாதையில் இருப்பவர்களுக்கு முகவரியே இல்லையே, அவர்களுக்கு அட்டை எப்படிக் கிடைக்கும்?

இதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில் சேர்ந்தால் தங்குமிடமும் உணவும் கிடைக்கும். காப்பகப் பொறுப்பாளரின் உதவியோடு முதலில் ஆதார் எடுத்து, பின்னர் உணவு வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் அட்டைக்கு முயல வேண்டும். சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை அம்மா உணவகமும் அன்னதானமும் உண்டு. தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையிலுள்ள சீக்கியக் கோயிலான குருத்வாராவின் லங்கரில், அதாவது பொதுச் சமையற்கூடத்தில், எந்த மதத்தவரும் அமர்ந்து சாப்பிடலாம். ரமலான் மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டார் எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அதற்கான பச்சரிசியை அரசே கொடுக்கிறது. கடலூர்ப் பக்கம் போக நேர்ந்தவர்களுக்கு வடலூர் இருக்கிறது. 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பை இன்னும் அணைக்கவில்லை.

அரிசி விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

சேலம்: திருமண மண்டபம் நடத்துகிறேன். மிஞ்சும் உணவை ஏழைகளுக்குக் கொடுக்க விரும்புகிறேன்.

நல்ல எண்ணம், ஆனால் பந்தி முடிந்து இரவு பதினோரு மணிக்கு நினைத்துப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் கெடுகிறது. உபரி உணவைச் சேகரித்து விநியோகிப்பதற்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிமுறைகள் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ளன. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகளிடம் விழாவுக்கு முதல்நாளே சொல்லிவையுங்கள். இலையில் மிஞ்சியதைத் தரக்கூடாது. பரிமாறாமல் பாத்திரத்தில் இருப்பதை மட்டும், சமைத்த நேரத்தை எழுதி ஒட்டிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி இரண்டையும் கொடுக்கவே வேண்டாம். பசித்தவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கூலியும் போகும்.

நாகர்கோவில்: என் பாட்டிக்கு விரல்ரேகை பதிவாவதில்லை. ஒவ்வொரு மாதமும் திருப்பி அனுப்புகிறார்கள்.

ரேகை தேய்ந்தது அவர் குற்றமன்று. கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையில் அதைப் பயன்படுத்தலாம். கடைக்கு வர இயலாதவர் என்றால், அவர் சார்பில் இன்னொருவர் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவத்தை வட்ட வழங்கல் அலுவலகத்தில் கொடுங்கள். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். அங்கீகாரம் யாருக்குக் கொடுத்தாலும் குறுஞ்செய்தி பாட்டியின் வீட்டுக் கைப்பேசிக்கே வரட்டும்.

ஆம்பூர்: மிதக்கும் அரிசி பிளாஸ்டிக் தானே?

இல்லை. தஞ்சாவூர் பதிலைப் பாருங்கள்.

நெய்வேலி: புதிய அட்டை விரைவாகக் கிடைக்க ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது. அவர் விண்ணப்பத்தில் தன்னுடைய கைப்பேசி எண்ணைப் போட்டுவிடுவார். பிறகு உங்கள் அட்டைக்கு வரும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்கள் அரிசி எங்கே போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வழிமுறைக்கு ஓசூர் வாசகரின் கேள்வியைப் பாருங்கள்.

ஈரோடு: சர்க்கரை நோயாளி ரேஷன் அரிசி சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள்.

மதுரை: கட்டடப் பணிக்கு வந்த குடும்பம் ஒன்று எங்கள் தெருவில் தங்கியிருக்கிறது. மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. மூன்று வயதிலும் ஏழு வயதிலும் பிள்ளைகள். அட்டை எதுவும் இல்லை.

இவர்களுக்கு அட்டையைவிட அங்கன்வாடி அருகில் இருக்கிறது. கர்ப்பிணிக்குச் சத்துமாவும், மூன்று வயதுக் குழந்தைக்கு மதிய உணவும் முட்டையும் அங்கே உண்டு. குடும்ப அட்டை இல்லை என்பதற்காக மறுக்கக்கூடாது. கிராமச் சுகாதார செவிலியரிடம், அல்லது நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில், கர்ப்பத்தை உடனே பதிவு செய்யுங்கள். மகப்பேறு உதவித் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவே வாசல். ஏழு வயதுப் பிள்ளையை அருகிலுள்ள அரசு தொடக்கப் பள்ளியில் சேருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று உங்கள் மதுரையில்தான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவானது. மதியச் சத்துணவும் சேர்ந்தால் பள்ளி நாட்களில் அந்தப் பிள்ளைக்கு இரண்டு வேளை உறுதி. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தயங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டப்படி அது இல்லாமலும் சேர்க்க வேண்டும். நாளைக் காலை அங்கன்வாடி திறந்ததும் அந்தத் தாயை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.