டாட்டிங் லேஸ் பழகுகிறேன். வளையம் இறுகவே மாட்டேன் என்கிறது, பிரிக்கவும் முடியவில்லை. இது கைக்கு வருமா, குரோஷாவுக்கே திரும்பிவிடலாமா?

வரும். வளையம் இறுகவில்லை என்றால் கோளாறு அநேகமாக ஒரே இடத்தில்தான்: முடிச்சு தப்பான நூலில் விழுகிறது.

டாட்டிங் முழுக்கவே ஒரே முடிச்சுதான், இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று. அது ஷட்டிலில் (நூல் சுற்றி வைக்கும், படகு வடிவச் சின்னக் கருவி) இருந்து வரும் நூலில் விழக் கூடாது. இடது கை விரல்களைச் சுற்றியிருக்கும் நூல்தான் ஷட்டில் நூலின் மேல் முடிச்சாக ஏற வேண்டும். ஆனால் ஷட்டிலை உள்ளே விட்டு எடுத்ததும் சுருள் ஷட்டில் நூலில்தான் நிற்கும். அந்த நொடியில் இடது கை நடுவிரலைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாக இழுத்தால் சுருள் டக்கென்று மறு நூலுக்குத் தாவிவிடும். பிறகு நடுவிரலைத் தூக்கினால் முடிச்சு நழுவி வந்து பக்கத்து முடிச்சோடு ஒட்டிக்கொள்ளும். பலரும் விரலைத் தளர்த்தும் முன்பே ஷட்டிலை இழுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு பாதி தாவாமல் போனாலும் அந்த இடத்தில் உள்நூல் (முடிச்சுகளுக்குள் ஓடும் ஷட்டில் நூல்) பூட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வளையம் மூடாது, நூல்தான் அறும்.

கொஞ்ச நாளைக்கு வளையத்தை விடுங்கள். 10-ஆம் நம்பர் நூலில் இரண்டு நிறம் வாங்குங்கள். ஷட்டிலில் சிவப்பு, கையில் வெள்ளை. நுனிகளைச் சேர்த்து முடிந்துகொண்டு நேராகச் சங்கிலி (வளையமாக மூடாத முடிச்சு வரிசை) மட்டும் போட்டுப் பழகுங்கள். முடிச்சு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். சிவப்பில் முடிச்சு தெரிந்தால் அது தாவவில்லை, அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடலாம். அவ்வப்போது சிவப்பு நூலை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். இணையத்தில் பார்க்கும் மெல்லிய லேஸ் பெரும்பாலும் 80-ஆம் நம்பர் நூல். கையில் தாவல் படியும் வரை அதைத் தொடாதீர்கள்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் ஆறுதல் சொல்லப்போவதில்லை. குரோஷாவில் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் ஒரு மாலை வேலை ஒரு நிமிஷத்தில் கையோடு வந்துவிடும். இங்கே ஒவ்வொரு பாதி முடிச்சையும் ஊசி முனையால் நெம்பி எடுக்க வேண்டும். மூடிய வளையம் இன்னும் மோசம். கடைசிப் பிக்கோ (புடவைக்கு அடிக்கும் பிக்கோ இல்லை, முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்னக் கண்ணி) இருக்கும் இடத்தில் இருபக்க முடிச்சுகளையும் நகத்தால் விலக்கினால் உள்நூல் மயிரிழையாகத் தெரியும். அதை ஊசியால் மெல்ல இழுத்தால் ஷட்டில் பக்கமிருந்து கொஞ்சம் நூல் உள்ளே வரும். அந்தத் தளர்வை அடுத்தடுத்த பிக்கோக்களுக்குக் கடத்திக்கொண்டே போனால் வளையம் வாயைத் திறக்கும். நூல் இளைத்து, பஞ்சு பஞ்சாகிவிடும், ஆனால் திறக்கும். பிக்கோவே இல்லாத வளையமா? கத்தரியை எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவு படுத்துகிற அதே இறுக்கத்துக்காகத்தான் எனக்கு இது பிடிக்கும். இதில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மொத்தமும் உருவிக்கொண்டு போகாது. பழைய கர்சீப்களில் துணி நைந்து கிழிந்த பிறகும் ஓரத்து லேஸ் திடமாக இருக்கும். பிரித்தெடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைப்பவர்கள் உண்டு. 5-5-5-5 (ஐந்தைந்து முடிச்சுக்கு நடுவே ஒரு பிக்கோ) என்று எண்ணிக்கொண்டே வந்து, ஷட்டில் நூலை ஒரு இழு இழுத்ததும் இருபது முடிச்சும் வளைந்து மூன்று பிக்கோவோடு வட்டமாக மூடிக்கொள்ளும். எத்தனை தடவை செய்தாலும் அந்த ஒரு இழுப்பு எனக்குச் சலித்ததில்லை. சாமான் என்று பார்த்தால் ஷட்டில், நூல், சின்னக் கத்தரி, அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே செய்யலாம். (நாகர்கோவில் பக்கம் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் சொல்லிக்கொடுத்த லேஸ், திண்டில் குண்டூசி குத்திப் பாபின்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது.)

இன்னொன்று, பக்கத்து வளையத்தின் பிக்கோவில் நூலைக் கொக்கியால் இழுத்து இணைக்கிறோமே, அந்த வழி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதற்கு முன் வளையங்களைத் தனித்தனியாகச் செய்து, பிறகு ஊசி நூலால் சேர்த்துக் கட்டினார்கள். இணைக்க மறந்து வளையத்தை மூடிவிட்டீர்களென்றால் நீங்களும் அப்படிக் கட்டிக்கொள்ளலாம், வெளியே தெரியாது.

நீள ஊசியில் முடிச்சுகளை ஏற்றிச் செய்யும் ஊசி டாட்டிங்கும் இருக்கிறது. அதில் தாவல் தொல்லை கிடையாது, பிரிப்பதும் சுலபம். லேஸ் கொஞ்சம் தொளதொளவென்று வரும், எனக்கு ஒத்துவரவில்லை. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாகச் செய்யுங்கள்.

குரோஷாவையும் விட்டுவிடாதீர்கள். மேஜை விரிப்பு மாதிரிப் பெரிதாக எதுவும் வேண்டுமென்றால் அதுதான் சரி. டாட்டிங்கில் மேஜை விரிப்பு ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும், முடித்தவர்களைத் தெரியாது. கர்சீப் ஓரத்தில் ஆரம்பியுங்கள், அதுவும் ஒரு மூலை மட்டும்.