ஞாயிறுதோறும் வைகைக் கரையில் மரம் நடப் போகிறார்களே, அதனால் உண்மையில் பயன் உண்டா, இல்லை போட்டோவுக்குத்தானா?

கேள்வியின் பின்பாதி சுருக்கென்று தைத்ததால்தான் பதில் எழுதுகிறேன். ஐந்து வருஷமாகப் போகிறேன். மதுரையில் தத்தனேரிக்கும் செல்லூருக்கும் நடுவே, வடகரை. போட்டோ எடுப்போம், இல்லை என்று சொல்லவில்லை. எடுக்காவிட்டால் அடுத்த வாரம் ஆள் வருவதில்லை.

உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் லீவு, அதையும் ஆற்றில் கொண்டுபோய்க் கொட்டலாமா என்று யோசிக்கிறீர்கள் போல. சரி, என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் மாதம் நான் அந்தக் கரைக்குச் செய்தது கெடுதல்தான். 'புதர் அகற்றுதல்' என்று கூப்பிட்டார்கள். எனக்கு எல்லாமே புதர். சீமைக்கருவேலம் முள் குத்தியது, பக்கத்தில் இருந்த நாணல் குத்தவில்லை. அதனால் நாணலை வெட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முப்பதடி நீளத்துக்குக் கரை மொட்டை. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது, வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டேன்.

மூன்றாவது வாரம் ஆடு மேய்க்கிற ஒரு ஆத்தா வந்து நின்றார். "ஏப்பா, கருவேலத்த விட்டுட்டு நாணலப் புடுங்குறீக? கரையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறதே அதுதானே" என்றார். நான் படித்த திமிரில், "இல்ல ஆத்தா, இங்க மரம் வைக்கப் போறோம்" என்றேன். "எங்க, ஆத்துக்குள்ளயா? தண்ணி வர்ற வரைக்கும் வச்சு வெளாடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். பயந்துபோய் மிச்ச நாணலை மட்டும் விட்டுவிட்டோம்.

அந்த ஜூலையில் 140 கன்று வைத்தோம். மருது, நாவல், புங்கன். மருத மரத்தால்தான் மதுரைக்கே பேர் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. வைகைத் துறைக்குத் 'திருமருத முன்துறை' என்று பேர் இருந்ததைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் மருத மரம் எது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நவம்பரில் வைகை அணை 69 அடியைத் தொட்டது, மூன்றாவது வெள்ள எச்சரிக்கை விட்டு மதகைத் திறந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் போய் எண்ணினால் ஒன்பது கன்று. ஒன்பதும் அந்த ஆத்தா காப்பாற்றிக் கொடுத்த நாணலுக்குப் பின்னால் நின்றவை. அங்கே கொஞ்சம் மேடு, அதனாலும் இருக்கலாம். உடனே சிலர் 'இதற்கு ஆதாரம் உண்டா' என்று வருவீர்கள் என்று தெரியும். என்னிடம் இருப்பது ஒன்பது மரம்தான்.

அதற்குப் பிறகு நடுவது குறைந்து, சீமைக்கருவேலத்தை வேரடித் தூரோடு தோண்டி எடுப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டு, ஊர் ஊராகச் சீமைக்கருவேலம் வெட்டியது நினைவிருக்கும். பின்னால் தடை வந்தது வேறு கதை. அப்போது நான் பார்த்த இடங்களில் எல்லாம் தரைமட்டத்தோடு வெட்டிவிட்டுப் போனார்கள். அது ஒன்று வெட்டினால் பத்தாகத் துளிர்க்கிற சாதி. சுற்றி ஒரு முழம் தோண்டி, வேர் பிரிகிற இடத்துக்குக் கீழே அறுத்து எடுக்க வேண்டும். ஒரு பெரிய தூருக்கு இரண்டு பேர், முக்கால் மணி நேரம். எடுத்தாலும் ஆடு காயைத் தின்று புழுக்கையில் விதையைக் கொண்டுவந்து போடும். (எல்லாக் கருவேலத்தையும் ஒழி என்று நான் சொல்லவில்லை. ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்வது இந்தக் கரையை மட்டும்.)

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குப் பதில் மரக்கன்று கொடுக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களைப் பற்றி. கொடுக்கிறவருக்கு நல்ல பேர். வாங்குகிறவர் மாடி வீட்டில் எங்கே வைப்பார்? திங்கட்கிழமை எனக்கு போன். "அண்ணே, ஆத்துல வச்சிருங்கண்ணே, உங்களுக்குத்தான் இது பிடிக்குமே." போன தை மாதம் மட்டும் வாசலில் அறுபது கன்று. பாதி கொனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரம், மீதி என்ன என்று நர்சரிக்காரருக்கே தெரியவில்லை. அதே கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி, இலைக்கு ஒரு குட்டி தண்ணீர் பாட்டில். எவர்சில்வர் டம்ளருக்கு என்ன கேடு வந்தது? அந்த பாட்டில் அடுத்த மழைக்கு எங்கே வந்து சேரும் என்று நினைக்கிறீர்கள்? தூர் தோண்டுகிற குழியில் நாங்கள்தான் பொறுக்குகிறோம். சாப்பாடும் சுமார்தான், அதை விடுங்கள்.

பயன் உண்டா என்றால், மொட்டையாக்கிய அந்த முப்பதடியில் நாணல் தானாகவே திரும்ப வந்துவிட்டது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, கருவேலத் துளிரை மட்டும் கிள்ளிக்கொண்டே இருந்தோம். போன வருஷம் தூக்கணாங்குருவி நாணல் இலையை ஓரத்தில் கடித்து, நூல் மாதிரி நீளமாகக் கிழித்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் பறந்ததைப் பார்த்தேன். கூடு எங்கே என்று தேடிப் போனேன், கிடைக்கவில்லை. அந்த ஒன்பது கன்றில் ஒன்றை அந்த ஆத்தாவின் ஆடே தின்றுவிட்டது, இப்போது எட்டு. கோடையில் அதற்கெல்லாம் கேனில் தண்ணீர் சுமக்கிறோம். ஆற்றங்கரை மரத்துக்குக் கேன் தண்ணீரா என்று சிரிப்பீர்கள். வெயில் காலத்தில் வந்து பாருங்கள், கரையோரம் ஓடுவது சாக்கடைதான்.

வருவதாக இருந்தால் காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், கருவேல முள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். கன்று தயவுசெய்து வேண்டாம். கடப்பாரை இருந்தால் எடுத்து வாருங்கள். எங்களிடம் இருந்த இரண்டில் ஒன்றைப் போன வாரம் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.