அமெரிக்காவுல ‘வெள்ளைக்காரங்க எண்ணிக்கை குறையுது’ங்கிற பயம் புதுசா வந்ததா?

இல்லைங்க, நூறு வருஷத்துக்கும் மேல பழசு. 1870 சென்சஸை நடத்துன பிரான்சிஸ் வாக்கரே, வெளிநாட்டுக்காரங்க வந்து குவியுறதாலதான் உள்ளூர் வெள்ளைக்காரங்க புள்ள பெத்துக்கறது குறையுதுன்னு எழுதுனாரு. 1905ல பிரசிடென்டா இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் இதை ‘இனத் தற்கொலை’ன்னு அம்மாக்கள் மாநாட்டுலயே பேசுனாரு (அவருக்கு 6 புள்ளைங்க!).

1924ல இந்த பயம் குடியேற்றச் சட்டமாவே ஆச்சு, ஒவ்வொரு நாட்டுலேருந்தும் வருஷத்துக்கு இத்தனை பேருதான் வரலாம்னு கோட்டா வெச்சாங்க, இதுல தந்திரம் என்னன்னா 1920 சென்சஸ் கையில இருந்தும் கோட்டாவுக்கு 1890 சென்சஸை எடுத்தாங்க, ஏன்னா இத்தாலிக்காரங்க, கிழக்கு ஐரோப்பா யூதருங்க எல்லாம் பெருங்கூட்டமா வந்தது அதுக்கப்புறம்தான், 1890ல அமெரிக்காவுல இருந்த அந்தந்த நாட்டு ஆளுங்க கணக்குல 2 சதவீதம்னா அவங்களுக்கு சொற்பம்தானே கிடைக்கும், ஆசியாக்காரங்களுக்கு கிட்டத்தட்ட கதவே சாத்தியாச்சு. 1965ல தான் இந்த கோட்டா முறையை தூக்குனாங்க, நம்மாளுங்க அங்க கணிசமா போய் செட்டில் ஆனதெல்லாம் அதுக்கப்புறம்தான்.