பேரனுக்குக் கிணற்றுத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். வீட்டுக்குப் பின்னால் உறைகிணறு இருக்கிறது. மாமியார் காலத்திலிருந்து அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், கண்ணாடி மாதிரி இருக்கும். பிரசவத்துக்கு வந்த மகள் இங்கேதான் இருக்கிறாள், பேரனுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் பத்தவில்லை என்று பவுடர் பாலும் கரைத்துக் கொடுக்கிறோம், கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் காய்ச்சித்தான். சோதிக்காமல் கொடுக்கக் கூடாது, ஆர்.ஓ. மெஷின் வாங்கப் போகிறேன் என்கிறார் மருமகன். கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் மல்லிகைத் தோட்டம். சோதனை அவசியமா? எங்கே, எப்படிச் செய்வது?

பதில்: அம்மா, உங்கள் மருமகன் சொல்வதில் முதல் பாதி சரி. சோதிக்கத்தான் வேண்டும். மெஷினை ரிசல்ட் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

கொட்டமும் தோட்டமும் பக்கத்தில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கவலை அதில்தான். சாணி, கோமியம், தோட்டத்துக்குப் போடும் யூரியா எல்லாம் மண்ணில் மாறி மாறிக் கடைசியில் நைட்ரேட் என்ற உப்பாகி, மழைத் தண்ணீரோடு கீழே இறங்கும். உறைகிணற்றுக்கு வருவதோ மேல்மட்டத்து ஊற்று. நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. கரிக்காத தண்ணீரை நாம் 'நல்ல தண்ணி' என்கிறோம். நாக்கால் கரிப்பைத்தான் கண்டுபிடிக்க முடியும், இதை முடியாது.

உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் நைட்ரேட் உள்ளே போனால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அமிலம் குறைவு. அங்கே வளரும் கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றிவிடும். அது ரத்தத்தில் கலந்தால் ஹீமோகுளோபினால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவர் பார்த்ததும் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைத்துக் குடித்த பச்சைக் குழந்தைகளைத்தான். அபூர்வமான நோய், பயப்பட வேண்டாம். ஆனால் அப்படி நிறம் மாறினால் மந்திரிக்க, வசம்பு உரசிக் கொடுக்க என்று நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சித்தானே கொடுக்கிறோம் என்பீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் உப்பு, அது எப்படிச் சாகும்? ரசம் சுண்டினால் உப்புக் கூடுமே, அதே கணக்குத்தான். அதிக நேரம் கொதிக்க விட்டால் செறிவுதான் ஏறும்.

அதனால் ரிசல்ட் வரும்வரை பேரனுக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீர் வரும் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருந்தால் அதைக் காய்ச்சிப் பயன்படுத்துங்கள். ஊர் போர்த் தண்ணீரைத்தான் தொட்டியில் ஏற்றி விடுகிறார்கள் என்றால் அதையும் சோதிக்காமல் நம்ப முடியாது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பாட்டில் தண்ணீரை வாங்கிக் காய்ச்சிக்கொள்ளுங்கள். மகள் என்ன தண்ணீர் குடித்தாலும் நைட்ரேட் தாய்ப்பாலில் பெரிதாக இறங்குவதில்லை, அவள் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பால் உண்மையிலேயே பத்தவில்லையா என்று எடை பார்த்துச் சொல்லக் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். பத்தவில்லை என்று வருகிறவர்களில் பலருக்குப் பால் போதுமானதாகவே இருக்கும். நடுநடுவே தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் இருந்தால், ஆறு மாதம் வரை அதுவும் வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மதுரையில் ஆய்வகம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் பார்த்துக் கொடுப்பார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்து, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆய்வக ரிப்போர்ட்தான் வேண்டும்.

இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். உப்புகளுக்கு ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கேன், அதே தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசி வாய்வரை நிரப்புங்கள். எண்ணெய் கேன், பினாயில் கேன் எதுவும் கூடாது. கிருமிக்கு ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. மோட்டார் போட்டு இரண்டு மூன்று நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு நேராகப் பிடியுங்கள். தொட்டியிலிருந்து பிடித்தால் தொட்டியின் அழுக்குக்கும் சேர்த்துக் கிணறு பழி ஏற்கும். ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ந்தால் நல்லது. காலையில் கிளம்பினால் பஸ்ஸிலேயே போய்விடலாம். பாட்டிலை இரவு முழுக்க வீட்டில் வைத்திருந்து மறுநாள் கொடுக்கிறவர்கள் உண்டு, அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது. பிளீச்சிங் பவுடர் போட்ட கையோடும் மாதிரி எடுக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் முதலில் ஈ.கோலை என்ற கிருமியின் வரியைப் பாருங்கள். 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் சாணியோ மலமோ கலக்கிறது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான், இந்தியத் தர அளவில் இதற்குச் சலுகை கிடையாது. ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை. இது பாறையிலிருந்து வருவது, போர்த் தண்ணீரில்தான் அதிகம் பார்ப்போம். பல் முளைக்கும் வயதுக் குழந்தைகளுக்குப் பல்லில் காவிக் கறை விழும். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு. அது 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200 தாண்டினாலே பலர் பதறுகிறார்கள். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதற்காகச் சிறுநீரகக் கல் வரும் என்று சொல்ல ஆதாரம் போதாது. நம் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு வழி.

கிருமி மட்டும்தான் பிரச்சினை என்றால் கிணற்றைச் சரிசெய்துவிடலாம். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். இரண்டு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் தண்ணீரும் உள்ள கிணறென்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர், 24 கிராம் வரும். வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் கிணற்றில் சாயங்காலம் விடுங்கள், காலையில் இறைக்கலாம். ஆனால் கொட்டத்துக் கழிவு கிணற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் மாதாமாதம் இதே வேலைதான். செப்டிக் டேங்கோ எருக்குழியோ கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். சுற்றுச் சுவரும் சிமென்ட் தளமும் மூடியும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு ஏறியதும் கிருமிச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள், சித்திரை வெயிலில் தண்ணீர் இறங்கும்போது உப்புகளை.

நைட்ரேட்டோ ஃபுளோரைடோ கூடியிருந்தால்தான் ஆர்.ஓ. மெஷினுக்கு வேலை. விற்க வருகிறவர் இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, கரண்ட் கொடுத்து, காவி நிறத்தில் திரளுவதைக் காட்டுவார். அது கம்பியின் இரும்பு, உங்கள் கிணற்று அழுக்கு இல்லை. பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டருக்கும் கிருமி தெரியாது, நைட்ரேட் எவ்வளவு என்றும் தெரியாது. மருமகன் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லையென்றால், அந்தக் காசில் கொஞ்சத்தை ஆய்வகத்தில் கட்டச் சொல்லுங்கள்.