டாப்பில் கூட்டினால் கணக்கு வரவில்லை, லினக்ஸ் சர்வரில் மீதி மெமரி எங்கே போகிறது?

கேள்வி இதுதான்: 32 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் சர்வரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுகிறது. ஃப்ரீ கட்டளை அடித்தால் காலி 500 எம்பிதான். டாப் கட்டளை காட்டும் எல்லா ப்ராசஸின் மெமரியையும் கூட்டினாலும் 10 ஜிபி தேறவில்லை. மீதியை யார் வைத்திருக்கிறார்கள்?

முதலில், ‘ஃப்ரீ’ என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கடைசியில் ‘அவைலபிள்’ என்று ஒன்று இருக்கும், அதைப் பாருங்கள். லினக்ஸ் ரேமைச் சும்மா போட்டு வைக்காது. படித்த கோப்புகளைப் பேஜ் கேஷில் வைத்துக்கொள்ளும், வேறு யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் எழுதி வைக்கும் இடம்) பக்கம் போகாமல் புதிதாக எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை, 2014-இல் வந்த 3.14 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) இருந்து கெர்னலே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அதுதான் அவைலபிள். அங்கே 20 ஜிபி இருந்தால் உங்கள் சர்வருக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் ஒரு ஜிபிக்குக் கீழே போனால்தான் தேட வேண்டும்.

தேடும்போது நிறைய பேர் நேராக டாப்பைத் திறந்து, ஷிஃப்ட்-எம் அழுத்தி, மேலே நிற்கும் ப்ராசஸைப் பிடிக்கிறார்கள். அது இரண்டாவதாகச் செய்ய வேண்டியது. முதலில் ப்ராக் டைரக்டரியில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் படியுங்கள். மெமரி எந்தக் கணக்கில் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால், பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும். ப்ராசஸ்கள் தங்களுக்கென்று வாங்கிய மெமரி ‘அனான்பேஜஸ்’ வரியில் வரும். அது 25 ஜிபி என்றால் சரி, டாப்புக்கே போகலாம். உங்களுக்கு அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

போஸ்ட்கிரெஸ் என்று சொன்னதால், நான் முதலில் சந்தேகப்படுவது ஹியூஜ்பேஜஸை, அதாவது முன்கூட்டியே ஒதுக்கி வைக்கும் பெரிய மெமரிப் பக்கங்களை. யாரோ ஒருவர் எப்போதோ சிஸ்கன்ட்ரோல் (கெர்னல் அமைப்புகள்) கோப்பில் 6144 என்று எழுதி வைத்திருப்பார். ஒரு பக்கம் 2 எம்பி என்றால், 12 ஜிபி அப்படியே பூட்டப்பட்டுவிடும். சாதாரணமாக மெமரி கேட்கும் எந்த ப்ராசஸுக்கும் அது கிடைக்காது, டாப்பில் எவர் கணக்கிலும் தெரியவும் தெரியாது. போஸ்ட்கிரெஸே அதைப் பயன்படுத்தினாலும் அதன் ஆர்எஸ்எஸ் எண்ணில் (ஒரு ப்ராசஸ் ரேமில் வைத்திருப்பதாக டாப் காட்டும் அளவு) அது சேராது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. போஸ்ட்கிரெஸில் ஹியூஜ்பேஜஸ் அமைப்பு இயல்பாக ‘ட்ரை’ என்று இருக்கும். ஒதுக்கிய பக்கங்கள் போதவில்லை என்றால், அது சத்தமில்லாமல் சாதாரண மெமரிக்குப் போய்விடும். ஆக, 12 ஜிபி பூட்டியது பூட்டியபடி கிடக்க, ஷேர்டு பஃபருக்கு (போஸ்ட்கிரெஸ் ப்ராசஸ்கள் பகிரும் கேஷ்) இன்னொரு பங்கு வெளியே போகும். மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ் டோட்டல், ஃப்ரீ, ரிசர்வ்டு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஃப்ரீ அதிகமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். போஸ்ட்கிரெஸ் கேட்டு வாங்கி இன்னும் தொடாத பக்கங்களும் ஃப்ரீயில்தான் இருக்கும், ஆனால் ரிசர்வ்டிலும் எண்ணப்படும். டோட்டல் 6144, ஃப்ரீ 6144, ரிசர்வ்டு 0 என்றால் யாருமே தொடவில்லை என்று அர்த்தம். நான் எப்போதும் ‘ட்ரை’யை ‘ஆன்’ ஆக மாற்றிவிடச் சொல்வேன். பக்கங்கள் போதாவிட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது, அப்போதே விஷயம் தெரிந்துவிடும்.

அது இல்லையென்றால் ‘எஸ்எச்மெம்’ வரி. டிஎம்பிஎஃப்எஸ்-இல் (ரேமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) உள்ள கோப்புகளும் ஷேர்டு மெமரியும் இதில் வரும். ஃப்ரீ கட்டளை இதைக் கேஷோடு சேர்த்துக் காட்டும். ஆனால் கேஷைப் போல இதைத் தூக்கிப் போட முடியாது, ஸ்வாப்புக்குத்தான் தள்ள முடியும். டிஎஃப் கட்டளையில் டிஎம்பிஎஃப்எஸ் மட்டும் எடுத்துப் பாருங்கள். அங்கே நிறைய இடம் பிடித்திருப்பதாகத் தெரிந்து, டைரக்டரியில் ஒன்றும் இல்லை என்றால், அழித்த கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 என்று கொடுத்தால் ஆள் அகப்படுவார்.

ஸ்லாப் கணக்கு (கெர்னல் தனக்கென்று வைத்திருக்கும் மெமரி) பெரிதாக இருந்தால் ஸ்லாப்டாப் கட்டளை. லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளை பேக்கப் வருடிப் போயிருந்தால் டென்ட்ரி (கோப்புப் பெயர்களின் கேஷ்) மேலே நிற்கும், அது பெரும்பாலும் திரும்பக் கிடைக்கக்கூடியது. திரும்ப வராத ஸ்லாப் ஏறிக்கொண்டே போனால்தான் கவலை. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தால் அதன் ஏஆர்சி கேஷ் தனிக் கணக்கு, அது பேஜ் கேஷில் சேராது.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு: கூட்டினால் 60 ஜிபி வருகிறது, ரேமோ 32. ஒரே ஷேர்டு பஃபரில் தான் தொட்ட பக்கங்களை ஒவ்வொரு போஸ்ட்கிரெஸ் ப்ராசஸும் தன் ஆர்எஸ்எஸ்ஸில் முழுதாகச் சேர்த்துக்கொள்ளும். நான்கு பேர் தங்கும் அறைக்கு வாடகை 12,000 என்றால், ஆளாளுக்கு ‘என் வாடகை 12,000’ என்று சொல்வதைக் கூட்டுவது மாதிரி. ஆளுக்கு 3,000 என்று பிரித்துச் சொல்வது பிஎஸ்எஸ். 4.14 கெர்னலில் இருந்து, ஒவ்வொரு ப்ராசஸின் ப்ராக் டைரக்டரியிலும் ஸ்மேப்ஸ் ரோல்அப் என்ற கோப்பில் இந்தத் தொகை கிடைக்கும். ரூட்டாக இருந்து படியுங்கள். ஸ்மெம் என்ற கருவியை நிறுவினால் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியே தரும்.

மெமரி தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் ஏற்கெனவே யாரையாவது கொன்றிருந்தால், டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவு) அந்த நேரத்து ப்ராசஸ் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் ஆர்எஸ்எஸ் என்பது கிலோபைட் அல்ல, பக்கம். எக்ஸ்86 சர்வரில் ஒரு பக்கம் 4 கேபி, ஆகவே நான்கால் பெருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ‘எல்லாமே சின்ன ப்ராசஸ்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கொல்லப்பட்டவர்தான் குற்றவாளி என்றும் இல்லை. அந்த நிமிடத்தில் பெரிதாக இருந்தவரைத்தான் கெர்னல் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும்.

இன்றைக்கே ஒரு கிரான் (நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை) போட்டுவிடுங்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மெம்இன்ஃபோவை நேரத்தோடு ஒரு கோப்பில் சேர்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதில் எந்த வரி ஏறியிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.