திறப்பு விழாக் கூட்டம் ஏன் படம் பார்ப்பதில்லை?

வணக்கம்.

நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு அறைகள் கொண்ட சிறிய ஓவியக் காட்சிக்கூடம் ஒன்றை நடத்துகிறோம். தளம் 40 சதுர மீட்டர், படம் மாட்டத் தோதான சுவர் மொத்தம் 20 மீட்டர். கடைசிக் கண்காட்சியில் 24 படங்கள் வைத்தோம். திறப்பு விழாவுக்கு எழுபது பேர் வந்தார்கள். ஆனால் படங்களை யாரும் பார்த்தமாதிரி தெரியவில்லை. வாசலருகே பானங்கள் வைத்த மேஜையைச் சுற்றி நின்று பேசிவிட்டுப் போய்விட்டார்கள். யாருடைய முதுகுப்பையோ உரசி ஒரு கேன்வாஸில் பள்ளம் விழுந்துவிட்டது. விற்றது ஒரே ஒரு படம். அதற்குக் கொடுத்த தள்ளுபடியை யார் ஏற்பது என்று ஓவியரோடு மனக்கசப்பு வேறு. எங்கே தவறினோம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுபது பேரும் ஒரே சமயத்தில் நின்றால் ஆளுக்கு அரைச் சதுர மீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் இடம் கிடைக்கும். 60 செ.மீ. அகலப் படத்தை முழுதாகப் பார்க்க ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும். அந்த இடைவெளிக்குள் நான்கு தலைகள் வந்துவிடும். அவர்கள் ரசனையில்லாதவர்கள் அல்ல, பார்க்க வழியில்லை. கூடுவதற்கு ஒரு நேரம், பார்ப்பதற்கு ஒரு நேரம் என்று பிரித்துவிடுங்கள். வாங்கக்கூடும் என்று தோன்றுகிற எட்டுப் பத்துப் பேரை முந்தின நாள் மாலையே தனியாக அழையுங்கள். லேபிளும் விலைப்பட்டியலும் விளக்குகளும் அதற்குள் தயாராக இருக்கவேண்டும். அதாவது உங்கள் உண்மையான கெடு திறப்பு நாளல்ல, அதற்கு முந்தின நாள்.

பொது அழைப்பில் ‘6 முதல் 9 வரை’ என்று மட்டும் போடுங்கள். உரை தொடங்கும் நேரத்தை அச்சிட்டால் எல்லோரும் அந்த நேரத்துக்கே வந்து சேர்வார்கள். உரையை 6.45 வாக்கில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ஓவியருடனான நீண்ட உரையாடலை அடுத்த வார விடுமுறை நாளுக்குத் தள்ளிவையுங்கள். அன்று வருபவர்கள்தான் நின்று பார்ப்பவர்கள்.

பிற்பாடு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பெயர்பெற்ற ஓவியர்கள் 1874 ஏப்ரலில், பாரிஸில் புகைப்படக் கலைஞர் நதார் முன்பு வைத்திருந்த ஸ்டூடியோவில் தங்கள் முதல் கண்காட்சியை நடத்தினார்கள். பகலோடு நிறுத்தாமல் இரவு 8 முதல் 10 வரையும் திறந்துவைத்தார்கள். அதிகாரபூர்வக் கண்காட்சியில் சுவர் முழுக்கப் படங்களை அடுக்கும் வழக்கம் இருந்த காலத்தில் இரண்டு வரிசைக்குமேல் மாட்டவும் இல்லை. நேரத்தையும் இடத்தையும் அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

இடம் என்றதும் உங்கள் 24 படங்களுக்கு வருகிறேன். சராசரி அகலம் 60 செ.மீ. என்று வைத்தால் படங்களே 14.4 மீட்டர். மிச்சமுள்ள 5.6 மீட்டரைப் பங்கிட்டால் படத்துக்குப் படம் 23 செ.மீ.தான். ஒன்றைப் பார்க்கும்போது பக்கத்துப் படமும் கண்ணில் விழும். 14 படம் என்றால் இடைவெளி 80 செ.மீ.க்கு மேல் போகும். மீதிப் பத்தை உள்ளே வையுங்கள். ஆர்வமாகக் கேட்பவருக்கு எடுத்துக் காட்டுங்கள். அப்படிக் காட்டும் படம் பல சமயம் சுவரில் இருப்பதைவிட வேகமாக விற்கும்.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. எல்லாப் படங்களுக்கும் இதே அளவு. மேல்விளிம்பை ஒரே கோட்டில் வைக்கப் பார்த்தால் சிறிய படங்கள் மேலே ஏறிவிடும். 80 செ.மீ. உயரப் படத்தின் பின்கம்பியை நடுவில் இழுத்துப் பிடித்தால் மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் 8 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 150-உடன் பாதி உயரம் 40-ஐக் கூட்டி 8-ஐக் கழித்தால் 182. ஹூக் அங்கே. ஒரு ஹூக்கில் தொங்கும் படம் கதவு சாத்தும் அதிர்வுக்கே சாயும். இரண்டு ஹூக் போடுங்கள், ஆனால் அப்போது கம்பியை இரண்டு இடத்தில் இழுத்துப் பிடித்து அளக்கவேண்டும். கீழ்மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் நகராது.

விளக்கு செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் படத்தின் நடுவில் விழவேண்டும். கூரை 3 மீட்டர் என்றால் ஸ்பாட்லைட் சுவரிலிருந்து சுமார் 85 முதல் 90 செ.மீ. இன்னும் கிட்டே போனால் பிரேமின் நிழல் படத்தில் விழும். தள்ளிப் போனால் கண்ணாடி பளபளக்கும், பார்ப்பவரின் நிழலும் விழும். நீர்வண்ணத்துக்கும் காகித வேலைகளுக்கும் 50 லக்ஸ் (படத்தின்மேல் விழும் ஒளியின் அளவு) போதும், எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை போகலாம்.

மேஜையை வாசலிலிருந்து எடுத்து இரண்டாம் அறையின் கடைசியில் போடுங்கள். அங்கே போக முதல் அறையைக் கடந்தாக வேண்டும். மேஜையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் படம் வேண்டாம். நிறமுள்ள பானமும் கையில் எண்ணெய் ஒட்டும் தின்பண்டமும் வேண்டாம். சிற்பப் பீடம் ஏதாவது காலியாக இருந்தால் அப்புறப்படுத்துங்கள். இல்லையென்றால் அதன்மேல் கோப்பை வந்து உட்காரும். முதுகுப்பைகளை வாசலிலேயே வாங்கிவைக்க ஓர் ஆள் கட்டாயம்.

பள்ளம் விழுந்த கேன்வாஸை ஈரத்துணியால் துடைக்கவோ பின்னாலிருந்து தண்ணீர் தெளித்து நிமிர்த்தவோ முயல வேண்டாம். அடித்தளம் விரிந்து சுருங்கும்போது வண்ணம் வெடிக்கலாம். சேதத்தைப் புகைப்படமெடுத்து அன்றே ஓவியருக்குத் தெரிவித்து, பழுது நீக்கும் நிபுணரிடம் கொடுங்கள். இனி படம் வந்து இறங்கும்போதே முன், பின், நான்கு மூலை, பிரேம் எல்லாவற்றையும் புகைப்படமெடுத்து, இருக்கும் குறைகளை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். சேதத்துக்கு யார் பொறுப்பு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதும் அதே தாளில் வரட்டும்.

தள்ளுபடிச் சண்டைக்கும் மருந்து அந்தத் தாள்தான். கமிஷன் எத்தனை சதவீதம், 10 சதவீதம் வரையிலான தள்ளுபடி இருவர் பங்கிலும் சமமாகக் குறையுமா அல்லது உங்கள் கமிஷனில் மட்டுமா, அதற்குமேல் போனால் ஓவியரைக் கேட்கவேண்டுமா என்பதை முன்பே எழுதிவிடுங்கள். திறப்பு நாளில் பேரம் பேசாமல் இருப்பது நல்லது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழுந்தால் பட்டியல் விலைக்கு அதன்பின் மதிப்பில்லை.

விற்றுவிட்டது என்று காட்ட ஒட்டும் சிவப்புப் பொட்டு முன்பணம் வந்த படத்துக்கு மட்டும். ‘எனக்கு எடுத்து வையுங்கள்’ என்பவருக்கு 48 மணி நேரம் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் யார் எந்த எண் படத்தின் முன் நெடுநேரம் நின்றார் என்று அன்றிரவே பென்சிலால் குறித்துக்கொண்டு, மூன்று நாளுக்குள் அவரைக் கூப்பிட்டு, கூட்டமில்லாத நேரத்தில் வரச்சொல்லுங்கள்.