வாசகர் கேள்வி – பதில்: கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு

(கல்லூரி ஆங்கில ஆசிரியப் பணி குறித்து இம்முறை வந்த கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். உதவிப் பேராசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். முதலில் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை எழுதுவதா, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதா?
– மாணவி, திண்டுக்கல்

முதலில் நெட். முனைவர் பட்டம் இல்லாமல் வேலையே கிடையாது என்று உங்கள் காதில் விழுந்திருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறையில் அந்தக் கட்டாயம் பல்கலைக்கழகத் துறைகளுக்குத்தான் விதிக்கப்பட்டது. அதையும் 2023இல் தளர்த்தி, நெட், மாநில அளவிலான செட் போன்ற தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி என்று ஆக்கிவிட்டார்கள். முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 போதும். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. நெட் தேர்வின் முதல் தாளில் 50 கேள்விகள், பாடத் தாளில் 100 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை.

ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள் உள்ளன. நாடகம், கவிதை, புனைகதை ஆகியவற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, மொழியியலும் கற்பித்தல் முறையும் அடங்கிய ஐந்தாம் அலகையும், இந்தியாவில் ஆங்கிலத்தின் வரலாற்றைக் கூறும் ஆறாம் அலகையும் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவதுதான் நம் மாணவர்களின் வழக்கம். நாளை வகுப்பறையில் அன்றாடம் கைகொடுக்கப்போவது அந்த ஐந்தாம் அலகுதான். அதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

நான் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நவீன நாடகத்தில் ஆய்வு செய்தவள். எனக்கு பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களுக்கான பகுதி 2 ஆங்கிலம் மட்டுமே தருகிறார்கள். இலக்கிய வகுப்புகள் மூத்தவர்களுக்கே போய்விடுகின்றன. படித்ததெல்லாம் வீணாகிறதோ என்று தோன்றுகிறது.
– வாசகி, விழுப்புரம்

உங்கள் மனக்குறையில் ஒரு பாதி நியாயமானது. மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம் என்ற நிலையில் இருப்பவருக்கு, விருப்பமான பாடமாவது கிடைக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019இலேயே பரிந்துரைத்துவிட்டது. மனம் வெதும்புவதற்கு உரிய இடம் அதுவே தவிர, பகுதி 2 அல்ல.

மறுபாதியை நான் ஏற்கவில்லை. ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கிய மாணவர்கள் ஓரிரு வகுப்புகளில் அடங்கிவிடுவார்கள். வணிகவியல், இயற்பியல், வரலாறு என்று மற்ற எல்லாத் துறை மாணவர்களும் முதல் ஓராண்டோ ஈராண்டோ பகுதி 2 ஆங்கிலத்தைக் கடந்தே தீர வேண்டும். ஆங்கிலத் துறையில் இத்தனை பணியிடங்கள் இருப்பதே அவர்களால்தான். இருந்தும், துறைக் கூட்டங்களில் பகுதி 2 வகுப்பு தண்டனையைப் போலப் பங்கிடப்படுகிறது. மாணவரும் கடையில் விற்கும் நோட்ஸிலிருந்து ஐந்து கட்டுரைகளை உருப்போட்டுத் தேர்ச்சி பெற்றுவிடுகிறார். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவருக்கு நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றி நான்கு வாக்கியம் பேச முடியாமல் போவது இப்படித்தான்.

நாடகம் படித்த நீங்கள் இந்த வகுப்புக்கு மற்றவர்களைவிடப் பொருத்தமானவர். பகுதி 2 பாடநூல்களில் பெரும்பாலும் ஓர் ஓரங்க நாடகம் இருக்கும். கதைச் சுருக்கத்தைச் சொல்லி எழுதவைக்காமல், கடைசி பெஞ்சிலிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே மூச்சு விடுவது என்று தெரியாமல் திணறுவதும், ‘வாக்ட்’ என்பதை ‘வாக்கெட்’ என்றும் ‘ஆஸ்க்ட்’ என்பதை ‘ஆஸ்கெட்’ என்றும் படிப்பதும் உடனே வெளிப்படும். இறந்தகாலத்தைக் காட்டும் ‘-ed’ ஈறு க், ப், ஸ் போன்ற அதிராத ஒலிகளுக்குப் பின் ‘ட்’ என்று வல்லொலியாகவும், ‘லிவ்’, ‘கால்’ போன்ற சொற்களின் இறுதியில் உள்ள அதிரும் ஒலிகளுக்குப் பின் மெலிந்தும் ஒலிக்கும். ‘வான்ட்’, ‘நீட்’ போன்று ஏற்கெனவே ‘t’ அல்லது ‘d’ ஒலியில் முடியும் சொற்களுக்கு மட்டுமே தனி அசையாக நீளும். தொண்டையில் இரு விரல்களை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று அவர்களையே சோதிக்கச் சொன்னால், அரை மணி நேரத்தில் வகுப்பே இதைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை அதே காட்சியை வாசிக்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் திருத்துவார்கள். உங்களுக்கு வேலை குறையும்.

இலக்கிய வகுப்பு கேட்பதை இதற்காக விட்டுவிட வேண்டாம். உங்கள் ஆய்வுத் துறையைக் குறிப்பிட்டு, அடுத்த பருவத்துக்கு நாடகத் தாளில் ஓர் அலகையாவது தரும்படி துறைத் தலைவரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பது மேசையைத் தாண்டுவதில்லை.

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்கிறார் எங்கள் முதல்வர். மாணவர்களுக்கோ புரிவதில்லை. என்ன செய்வது?
– உதவிப் பேராசிரியர், தேனி

அளவாகப் பேசுங்கள். ஒரு மணி நேரமும் கவிதையை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தால் முதல்வர் சொல்வதே சரி என்றாகிவிடும். வகுப்பை நடத்தும் பேச்சு, அதாவது எழுது, படி, பக்கத்தில் இருப்பவரோடு பேசு என்பன போன்றவை, முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இலக்கண நுட்பத்துக்குத் தமிழைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘யெஸ்டர்டே’ என்று காலத்தைக் குறித்துவிட்ட வாக்கியத்தில் ‘ஹேவ் சீன்’ (have seen) வராது, ‘சா’ (saw) என்றுதான் வரும் என்பதை ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விளக்கிக் குழப்புவதைவிட, தமிழில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மீதி நேரத்தில் ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொல்லவைப்பது மேல்.

தாய்மொழி அறிவு ஆங்கில ஆசிரியருக்கு இழுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மதுரை தியாகராசர் கல்லூரியில் ஒரு காலத்தில் ஆங்கிலம் கற்பித்த ஏ.கே. ராமானுஜன்தான் பின்னாளில் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகர்களிடம் கொண்டு சேர்த்தார்.

வெள்ளைக்காரரைப் போன்ற உச்சரிப்பு இருந்தால்தான் மாணவர்கள் மதிப்பார்களா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. சொல்லழுத்தம் சரியாக இருந்து, கடைசி வரிசைக்கும் கேட்டால் போதும்.

மாணவர்கள் ஒப்படைப்புக் கட்டுரைகளை சாட்ஜிபிடியில் எழுதித் தருகிறார்கள். எப்படித் தடுப்பது?
– உதவிப் பேராசிரியர், சேலம்

வீட்டில் எழுதிவரும் கட்டுரைக்கு உள்மதிப்பீட்டில் முழு மதிப்பெண்ணையும் தருவதை நிறுத்துங்கள். அதில் பாதியை வகுப்பிலேயே கைப்பட எழுதும் ஒரு பத்திக்கும், மீதியைத் தான் தந்த கட்டுரையைப் பற்றி மாணவர் நேரில் சொல்லும் விடைக்கும் பிரித்துக்கொள்ளலாம். ‘இரண்டாம் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறாயே, கதையில் எந்த இடத்தை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்டாலே எழுதியது யார் என்பது தெரிந்துவிடும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்றாலும் அறுபது பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு என்பது விதி. அதற்கு மேல் இதையும் ஒரே வாரத்தில் திணிக்க முடியாது. எனவே வகுப்புக்கு நான்கு பேர் என்ற கணக்கில் பருவம் முழுவதும் பரப்பிக்கொள்ளுங்கள்.